நான் போகாத கச்சேரி

மே 11, ஞாயிறு

இன்றைய பக்கத்தில் பத்தி வந்திருக்கிறது. கடைசி இரண்டு வரியை மதுரை ஆபீசில் வெட்டிவிட்டார்கள். நகைக்கடை விளம்பரம் ஓர் அங்குலம் இறங்கியிருக்கிறது. அதற்கு இடம் வேண்டுமல்லவா. அணை நீர்மட்டம், வெட்டுக்குத்து, கலெக்டர் ஆய்வு, திராட்சை விலை என்று தேனி நிருபராக முப்பது வருடமாக அனுப்புகிறேன். அதில் எதை வெட்டினாலும் வலித்ததில்லை. வாரம் ஒருமுறை பாட்டைப் பற்றி எழுதுகிற இந்த அரைப் பத்தியில் கைவைத்தால் மட்டும் வலிக்கிறது.

எழுதியது இந்த வாரம் வந்த படப் பாடல்கள் பற்றி. ஐந்தில் மூன்று ஒரே தாளத்தில் நொண்டுகின்றன. நான்காவது நல்ல மெட்டு. ஆனால் பாடுகிறவர் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கிவிடுகிறார். பசியா?

மத்தியானம் ஏஞ்சல் பாட்டை மறுபடியும் கேட்டேன். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள். ஞாயிறு காலை சர்ச்சில் பாடுவாள். மற்ற நாட்களில் சண்முகராஜின் மெல்லிசைக் குழுவில். இந்தப் பக்கத்து ஊர்ப் பொங்கல்களில் அம்மன் பாட்டோடு மேடையைத் தொடங்கி வைப்பவள் அவள்தான். போன மாதம் சொந்தமாக ஒரு பாட்டைப் பதிவு செய்து யூடியூபில் போட்டிருக்கிறாள். பெயர் ‘ஏழாம் வளைவு’. குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு மேகமலை எஸ்டேட் வேலைக்குத் திரும்புகிற ஒருத்தி, பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கிவிடலாமா என்று யோசிக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. இரண்டாவது சரணத்தில் ‘இறங்கவா’ என்ற சொல்லுக்கு முன் ஒரு மூச்சு கேட்கிறது. விக்கல் போல, சின்னது. ஸ்டூடியோவில் ஒரு நொடியில் அழித்திருக்கலாம். விட்டிருக்கிறார்கள். அதற்காகவே கேட்கிறேன்.

“ஏ முனீசு, திரும்பத் திரும்பப் போட்டீன்னா அந்தப் புள்ளைக்கே தொண்ட வலிக்கும். விட்ரு,” என்றார் இவர், என் வீட்டுக்காரர்.

மே 14, புதன்

ஏஞ்சல் அல்லிநகரத்துக்கு வீடு தேடி வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வாசலில் நின்றபடியே பேசினாள்.

“யக்கா, இருபத்தொம்பதாந் தேதி நல்லதண்ணிப்பட்டிப் பொங்கல். எம் பாட்ட மொத மொதல்ல மேடையில பாடப் போறேன். நீங்க வந்துரணும்.”

“வர்றேன். ட்ராக் போட்டா?”

கேட்டிருக்கக் கூடாது. இப்போது பாதிக் குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன. பதிவு செய்த குரலை ஓடவிட்டு, அணைத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயசைப்பது. ஆனால் இவளிடம் கேட்டது தப்பு. முகம் சிவந்துவிட்டது.

“என்னக்கா இப்பிடிக் கேட்டுப்புட்டீக? வாயசைக்கிறதுக்கு நான் எதுக்கு? ஜவுளிக்கடப் பொம்மைக்குச் சேலையக் கட்டி நிப்பாட்டிர வேண்டியதுதான?”

சமாதானம் சொன்னேன். போகும்போது திரும்பி வந்து, ரகசியம் மாதிரிச் சொன்னாள்: மூன்றாவது சரணம் ஒன்று இருக்கிறதாம். பதிவில் இல்லாதது. மேடைக்கென்றே எழுதி வைத்திருக்கிறாள்.

“அத நேர்ல கேட்டுட்டு எழுதுங்கக்கா. நீங்க கேட்டாத்தான் எனக்குக் கணக்கு.”

வருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

மே 18, ஞாயிறு

‘ஏழாம் வளைவு’ பற்றிய பத்தி வந்தது. இந்த முறை வெட்டவில்லை. அந்த மூச்சைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஏஞ்சல் போனில் சிரித்தாள். “அது பயத்துல வந்ததுக்கா. ஸ்டூடியோக்காரர் அழிக்கப் போனாரு, நாந்தான் கெடக்கட்டும்னுட்டேன்.”

மே 25, ஞாயிறு

மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கிவிட்டது. இந்த வருடம் சீக்கிரம். கம்பம் பக்கம் வாழை சாய்ந்த செய்தி இரண்டு அனுப்பினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தப் பெரிய இசையமைப்பாளரின் புது ஆல்பம் வெளியாகிறதாம். எட்டு வருடம் கழித்து, சினிமா இல்லாமல். தனியாகப் பன்னிரண்டு பாட்டு. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமைதான் நல்லதண்ணிப்பட்டியும். ஆல்பம் எங்கே ஓடிவிடப் போகிறது? வந்து கேட்டுக்கொள்ளலாம்.

மே 29, வியாழன்

போகவில்லை.

சேலை மாற்றிவிட்டேன். பையில் குடை, டார்ச் எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. ஒரே ஒரு பாட்டு கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். முதல் பாட்டில் தவிலை வெகு தூரத்தில் வைத்திருக்கிறார்; அடுத்த தெருவில் கல்யாணம் நடப்பது போல. இரண்டாவதில் பாட்டே இல்லை, வயலின் மட்டும் ஒரு வாக்கியத்தைத் தொடங்கித் தொடங்கி நிறுத்துகிறது. மூன்றாவது —

போடி ஏலக்காய்க் கடையிலிருந்து இவர் வந்து நின்றது தெரியவில்லை. தோளைத் தொட்டார்.

“கெளம்பலையா? ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா?”

“இதொண்ணு முடியட்டுங்க.”

பிறகு அவரும் கேட்கவில்லை. வெளியே காற்று பக்கத்து வீட்டுத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. இந்தக் காற்றில் மேடை எங்கே நடக்கப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடக்கும் என்று தெரியும். ஊர்ப் பொங்கல் மேடை காற்றுக்கெல்லாம் நிற்காது.

பன்னிரண்டையும் கேட்டேன். சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

மே 30, வெள்ளி

ஞாயிறு இணைப்பு வெள்ளி மத்தியானத்தோடு மூடிவிடும். நல்லதண்ணிப்பட்டிக் கச்சேரிக்கென்று இடம் சொல்லி வைத்திருந்தேன். படம்கூடப் போட்டுவிட்டார்களாம். காலையில் போன்: “மேடம், மேட்டர் மட்டும்தான் பாக்கி.”

அந்த ஊர் விழாவை வீடியோ எடுக்கிற விஜய்ராஜ் விடிவதற்குள் யூடியூபில் ஏற்றியிருந்தான். ஏஞ்சல் பாடிய பாட்டும் இருந்தது. பார்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிளாஸ்டிக் மாலைகள் பறக்கின்றன. ஏஞ்சலின் முந்தானை பக்கத்தில் நிற்கிற கிட்டார்காரர் முகத்தில் அடிக்கிறது. ஆனால் குரல் கண்ணாடி மாதிரி வருகிறது. முதலில் சந்தோஷப்பட்டேன். இரண்டாவது சரணம் வந்தது. ‘இறங்கவா’வுக்கு முன் அந்த மூச்சு.

அதே இடம். அதே நீளம். பயத்தில் வந்த ஒரு மூச்சு இரண்டாம் தடவை அச்சு மாறாமல் வராது. பதிவை இன்னொரு காதில் போட்டுச் சரிபார்த்தேன். மயிரிழைகூட விலகவில்லை. ட்ராக்.

என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு எவ்வளவு கோபப்பட்டாள்! எனக்கும் கோபம் வந்தது. கோபத்தில் எழுதினால் எனக்கு நன்றாக வரும். ‘மேடையில் ஒலித்தது ஏஞ்சலின் குரல்தான். ஆனால் அன்று அவர் பாடவில்லை.’ அதற்கு முன்னால்: ‘நல்லதண்ணிப்பட்டி மேடை எதிரே நின்ற கூட்டம் இதைக் கவனித்ததா தெரியவில்லை.’ எங்கேயும் ‘நான்’ என்று எழுதவில்லை. போனேன் என்றும் எழுதவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

அனுப்பிய பிறகு இவரிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

“நேத்து நீ வீட்டுலதான இருந்த?”

“வீடியோ இருக்குல்ல.”

“அது சரி,” என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 1, ஞாயிறு

வந்துவிட்டது. ஒரு வரி வெட்டவில்லை. தலைப்பு அவர்கள் போட்டது: ‘வாய் அசைந்தது, பாட்டு வந்தது’. யாரோ பத்தியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். உத்தமபாளையம், சின்னமனூர், போடி என்று ஒவ்வொரு ஊர் குரூப்பிலிருந்தும் எனக்கே திரும்பி வருகிறது. ‘சரியான சாட்டையடி மேடம்’ என்று முன்பின் தெரியாத ஒருவர்.

ஏஞ்சல் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டாள், என்ன சொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

கூப்பிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“யக்கா, நீங்க அன்னைக்கு எங்கன உக்காந்திருந்தீக?”

எங்கேயும் இல்லை என்று அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். வாய் வேறு சொல்லிற்று. “பின்னாடிதான். பந்தலுக்கு வெளிய.”

“மேடையிலருந்து தேடுனேன், தெரியல. அப்ப மூணாவது சரணம் கேட்டீகளா?”

“கேட்டேன்.”

“அப்பறம் எப்பிடிக்கா?”

மூன்றாவது சரணம் பதிவிலேயே இல்லை. இல்லாத குரலுக்கு எப்படி வாயசைக்க முடியும்? அவளே வந்து சொன்ன விஷயம். வீடியோ இரண்டாவது சரணத்தோடு முடிந்துபோனதை நானும் பார்த்தேன். மூன்றாவது எங்கே என்று கேட்கத் தோன்றவில்லையே? முந்தின நாள் வேலைக்குச் சேர்ந்தவர்கூடக் கேட்டிருப்பாரே!

“சரிக்கா, வைக்கிறேன்,” என்றாள்.

போகாததுகூடப் பெரிதில்லை. கேட்டேன் என்று சொன்னேனே.

ஜூன் 5, வியாழன்

தேனி பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விஜய்ராஜைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

“யக்கா, நம்ம வீடியோவ ஒலகத்துக்கே காட்டிப்புட்டீகளே. லட்சம் பேரு பாத்துட்டான்.”

“அதுல சவுண்டு யாரு எடுத்தது?”

“சவுண்டா? அன்னைக்கு அடிச்ச காத்துல மைக்குல ‘பூ... பூ...’ன்னு ஊதுறதுதான்க்கா கேட்டுச்சு. ஒரு வரி தேறல. ஊர்க்காரங்க வெளிநாட்டுல இருக்குறவுக பாக்கணுமேன்னு, யூடியூப்ல இருந்த அந்தப் புள்ள பாட்டயே எடுத்து மேல ஒட்டிவிட்டேன். உதட்டுக்கு எம்புட்டுப் பொருத்தமா ஒக்காந்துச்சு பாத்தீகளா? கண்டுபிடிக்கவே முடியாதுல்ல?” அவனுக்கு அது ஒரு பெருமை.

“அப்ப மேடையில பாடுச்சா அது?”

“என்னக்கா கேக்குறீக? நீங்கதான் அங்கன இருந்தீகளே.”

டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

இன்று மத்தியானத்துக்குள் திருத்தம் அனுப்பியிருக்கலாம். அனுப்பியது அந்தப் பன்னிரண்டு பாட்டு ஆல்பத்தைப் பற்றி.

ஜூன் 8, ஞாயிறு

எழுதிப் பார்த்தேன். ‘இணையத்தில் வெளியான பதிவில் ஒலி மாற்றப்பட்டிருந்ததால் நேர்ந்த பிழை.’ பொய்யில்லாத வாக்கியம். ஆனால் பழி விஜய்ராஜ் தலையில் விழுகிறது. அவன் காற்றடித்த பதிவை ஒப்பேற்றினான். பார்க்காததைப் பார்த்தேன் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கிழித்தேன்.

ஏன் தயங்குகிறேன்? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அணை உடைந்தது என்று வதந்தி வந்தபோது மழையில் நடந்துபோய் அணைமேல் நின்று, உடையவில்லை என்று போன் பண்ணியவள் நான். மாவட்டத்தில் என்னைப் பற்றிச் சொல்கிற ஒரே நல்ல வார்த்தை அதுதான்: அந்தம்மா பாக்காம எழுதாது. அதை என் கையால் அழிக்க வேண்டும். ஒரு மெல்லிசைக் கச்சேரிக்காகவா என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலைத்தான் அதிகம் வெறுக்கிறேன்.

ஹெட்போனை மாட்டவே பிடிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மார்க்கெட்டில் சண்முகராஜ் எதிரே வந்தார். ஏஞ்சல் பாடுகிற குழுவை நடத்துபவர், கீபோர்டும் அவரே. கையில் கத்தரிக்காய்ப் பை.

“வாங்க முனீசக்கா. நாங்க அடுத்து எந்த ஊருல பாடாம இருந்தோம்னு எழுதப் போறீக?”

அவர் ஏசுவதற்குத் தயாராக வந்தவர் இல்லை. மனசு கேட்காமல் நின்றுவிட்டார்.

“ஆனியிலயும் ஆடியிலயும் அஞ்சு ஊரு பேசி வச்சிருந்தேன்க்கா. நம்ம சனம் வேணாம்னு மொகத்துக்கு நேரா சொல்லாது. வெத்தல பாக்கு கொண்டாந்து தர ஆளு வராது, அம்புட்டுத்தான். அஞ்சு ஊருலருந்தும் வரல. ‘முழுக்க முழுக்க நேரடி’ன்னு எங்க போஸ்டர்ல போட்டிருப்போம்ல? அதுமேல யாரோ சாணிய அப்பிட்டுப் போயிட்டான்.”

“ஏஞ்சல்?”

“கடையில உக்காந்து குண்டானுக்குப் பேரு வெட்டிக்கிட்டிருக்கு. அவுக அப்பாரு சர்ச்சுல தலகாட்ட முடியலங்கிறாரு. பொய்ப் பாட்டுக்காரி அப்பன்னு யாரோ சொன்னாகளாம்.”

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது யாருக்கு என்ன?

ஜூன் 20, வெள்ளி

எழுதி அனுப்பிவிட்டேன். ‘மே 29 நல்லதண்ணிப்பட்டிக் கச்சேரிக்கு நான் போகவில்லை. ஒலி மாற்றப்பட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, நேரில் பார்த்ததுபோல் எழுதினேன். ஏஞ்சல் அன்று பாடினார். தவறு முழுக்க என்னுடையது.’

மதுரையிலிருந்து செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், மரியாதையானவர். “மேடம், எதுக்கு இவ்வளவு? போகலைன்னு நாமளே அச்சுல போட்டா நாளைக்கு அணைச் செய்தியையும் ஆளு நம்பாது. ரெண்டு வரி போதும், நான் பாத்துக்கிறேன்.”

சரி என்றேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்காகவும்தான் அவர் வெட்டினார். அது தெரிந்தே சரி என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

‘திருத்தம்: ஜூன் 1 இதழில் குறிப்பிட்ட நிகழ்ச்சியில் பாடகி நேரடியாகப் பாடியதாகத் தெரியவருகிறது. தவறுக்கு வருந்துகிறோம்.’

பெயர்கூட இல்லை. கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களுக்குக் கீழே. இதை யாரும் படம் பிடித்து அனுப்பவில்லை. ஒரு குரூப்பிலிருந்தும் எனக்கு வரவில்லை.

ஜூலை 2, புதன்

பஜாருக்குப் போனேன். ஏஞ்சலின் அப்பா கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் ஒரு எவர்சில்வர் தூக்கில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த மெஷின் சத்தத்தில் முதல் தடவை சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

“நான் அன்னைக்கு வரல ஏஞ்சல்.”

மெஷினை நிறுத்தினாள். “தெரியும்க்கா. போன்லயே தெரிஞ்சிருச்சு.”

“ஏன் கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்.”

ஆல்பத்தைச் சொன்னேன், காற்றைச் சொன்னேன், ஆசிரியர் வெட்டியதைச் சொன்னேன். ஒவ்வொன்றும் சொல்லும்போதே சாக்காகத்தான் கேட்டது. அவள் தூக்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பேரு கெட்டது போகட்டும்க்கா. அன்னைக்கு நான் நல்லாப் பாடுனேன். என் ஆயுசுக்கும் அப்பிடி வந்ததில்ல. காத்து மூஞ்சியில அடிக்குது, மானிட்டர் ஸ்பீக்கர்ல ஒண்ணுங் கேக்கல, எங்கருந்தோ வருது. மூணாவது சரணம் முடிக்கையில சம்முகராஜண்ணன் வாசிக்கிறத நிறுத்திட்டு என்னையே பாக்குறாரு. எறங்கி வந்ததும் யாருகிட்டயாவது கேக்கணும்போல இருந்துச்சு, நெசந்தானா, இல்ல எனக்குத்தான் அப்பிடித் தோணுதான்னு. ஒங்களத்தான் தேடுனேன்.”

மன்னிச்சிரு என்றேன். யாரோ ஒரு அம்மா குடத்தோடு வந்தாள். “என்ன பேரு போடணும்?” என்று ஏஞ்சல் எழுந்தாள்.

ஜூலை 5, சனி

விஜய்ராஜ் அன்றைய பதிவை அழிக்கவில்லை. கேட்டதும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டான். “காத்தக் கேக்கவாக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?”

காற்றுதான். லாரி மலையேறுவது போல ஓயாத இரைச்சல். நடுநடுவே காற்று மூச்சுவிடுகிற இடங்களில் அவள் கிடைக்கிறாள். ஒரு சொல், அரை வரி. மூன்றாவது சரணத்தில் ஒரே ஒரு இடம். பஸ் வளைவில் திரும்பும்போது கீழே ஊர் ஒரு நொடி தெரிவது பற்றி. பதிவில் உள்ள இரண்டு சரணங்களிலும் மெட்டு அந்த இடத்தில் கீழே இறங்கும். இவள் இறங்கவில்லை. மேலேயே நிறுத்தி, காற்றோடு சண்டை போடாமல் அதன் மேலேயே குரலைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள். உடையப்போகிறது என்று நினைத்தேன். உடையவில்லை. மறுபடி இரைச்சல் வந்து மூடிவிட்டது.

நிஜந்தான் ஏஞ்சல். உனக்குத் தோன்றியது நிஜந்தான்.

இதை மேடைக்கு முன்னால் நின்று கேட்டிருக்க வேண்டியவள் நான்.

ஜூலை 6, ஞாயிறு

என் பேஸ்புக் பக்கத்தில் முழுக்க எழுதினேன். போகாதது, போனில் பொய் சொன்னது, அந்த ஓரிடம் எப்படி இருந்தது — எல்லாம். இவர் படித்துவிட்டு, “சோத்தப் போடு, ரெண்டு பேரும் சாப்பிடுவோம்,” என்றார். இத்தனை நாளாக அவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜூலை 9, புதன்

பத்தியை நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஞாயிறு முதல் அந்த இடத்தில் ராசிபலன். செய்தி அனுப்பலாமாம். செய்தி ஆசிரியர் மிகவும் வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

பதிவுக்கு வந்த பதில்களில் பாதி என்னை ஏசுகின்றன, நியாயம். மீதி, ‘அப்படி என்ன பாட்டு அது?’ என்று கேட்டு யூடியூபுக்குப் போகின்றன. ஏஞ்சலுக்கும் ஒரு வரி அனுப்பியிருந்தேன்: நீ பாடியதைக் கேட்டேன், நிஜந்தான். பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

‘ஏழாம் வளைவு’ எங்கே போனாலும் கேட்கிறது. மினி பஸ்ஸில், மார்க்கெட்டில், ஏலக்காய்க் கடையில்கூட ஓடுகிறதாம், இவர் சொன்னார். சண்முகராஜ் போன் பண்ணினார். வெற்றிலை பாக்கோடு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்களாம். “ஒங்களாலதான் கெட்டுச்சு, ஒங்களாலதான் ஓடுதுன்னும் சொல்லணும்ல? சதுர்த்திக்கு சின்னமனூர். வாங்க.”

சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஆகஸ்ட் 27, புதன்

வெளிச்சம் இருக்கும்போதே சின்னமனூர் போய்ச் சேர்ந்தேன். பிள்ளையார் சிலைக்குப் பக்கத்தில் மேடை. காற்று இன்னும் ஓயவில்லை. தோரணமெல்லாம் ஒரே பக்கமாகப் படபடத்தன. மேடைக்குப் பின்னால் ஏஞ்சல் நாற்காலியில் உட்கார்ந்து பூ வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள்.

“வந்துட்டீகளாக்கா.”

“முன்னாலயே நிக்கிறேன். ஒரு வரி விடாமக் கேக்கப் போறேன்.”

அவள் சண்முகராஜைப் பார்த்தாள். அவர் கீபோர்டு வயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ட்ராக்குதான்க்கா,” என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

சண்முகராஜ் நிமிராமலே சொன்னார். “கமிட்டியில கண்டிசனாச் சொல்லிட்டாகக்கா. யூடியூபுல கேக்குறது மாதிரியே இருக்கணும், ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னு. சனமும் அதக் கேக்கத்தான் வருது. நெசமாப் பாடுனாலும் ட்ராக்குங்கிறாக. எதுக்குக் காத்துல கத்தித் தொண்டையக் கிழிக்கணும்?”

“நீ என்ன சொன்ன?” என்று ஏஞ்சலைக் கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல? மொத ரெண்டு ஊருல சண்ட போட்டேன். அப்பறம் பழகிருச்சு. லேசாத்தான் இருக்கு, பயமே இல்ல.” கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. கொண்டை ஊசியை வாயில் கடித்துக்கொண்டு மறுபடி பூவைச் சரிசெய்தாள்.

மேடைக்கு முன்னால் வந்து நின்றேன். பாட்டு தொடங்கியதும் கூட்டம் விசிலடித்தது. காற்று அவள் முந்தானையைத் தூக்கியது. குரலை ஒன்றும் செய்யவில்லை. அவள் அழகாகச் செய்தாள். எங்கே கண்ணை மூட வேண்டும், எங்கே கையை விரிக்க வேண்டும், எல்லாம் சரியாக.

பக்கத்தில் ஒரு அம்மா, நல்லதண்ணிப்பட்டியாம், பெயர் சந்தனம்மாள். மகள் வீட்டுக்கு வந்தவர். தானாகவே பேச்சுக் கொடுத்தார்.

“இந்தப் புள்ள எங்கூரு பொங்கலுக்கு வந்துச்சுத்தா. அன்னைக்கு என்னமோ கத்திக்கிட்டுக் கெடந்துச்சு. இன்னைக்குப் பாரு, தேனாப் பாடுது. நல்லாத் தேறிருச்சு.”

“அன்னைக்கு நீங்க கிட்டக்க இருந்தீகளா?”

“மேடைக்கு நேராத்தான் உக்காந்திருந்தேன். ஏந்தா, நீயும் வந்திருந்தியா?”

“இல்ல,” என்றேன்.

பாட்டு முடிந்தது. கூட்டம் முழுக்கக் கைதட்டியது. ஏஞ்சல் கும்பிட்டபடி கூட்டத்தை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பார்வை என்னிடம் வருவதற்கு முன் நானும் தட்டத் தொடங்கினேன்.